தம்பிக்கு மருந்து, அப்பாவுக்கு வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. சில வாரங்களுக்கு முன் ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. பரிசோதித்துவிட்டு ரத்தப் புற்றுநோய், அதில் ஏபிஎல் என்ற வகை என்றார்கள். ஏடிஆர்ஏ மாத்திரையும் ஆர்சனிக் டிரிப்பும் ஏற்றுகிறார்கள். அந்த மாத்திரை வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ஆளாளுக்கு வைட்டமின் ஏ சாப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருஷமாகப் பீடி. அவருக்கு என் மாமா மகன் மெடிக்கலில் 25,000 யூனிட் வைட்டமின் ஏ மாத்திரையும், பீட்டா கரோட்டின் கலந்த ஒரு சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படும் தம்பி மனைவியும் அதையே போடுகிறாள். வைட்டமின் ஏ குரோமோசோம் நுனியில் வேலை செய்து புற்று செல்லைச் சாகடிப்பதாக ஒரு மூலக்கூறு உயிரியலாளர் கண்டுபிடித்திருக்கிறார் என்று மாமா மகன் ஒரு செய்தியைக் காட்டுகிறார். எங்கள் எல்லோருக்கும் ‘டெலோமியர் டெஸ்ட்’ எடுக்கவும் சொல்கிறார். எதை நம்புவது? இந்த நோய் எங்கள் பிள்ளைகளுக்கும் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பா விஷயம். இந்தப் பதிலை முழுக்கப் படிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான் ஆய்வுக்கூடத்தில் செல்களோடு காலம் தள்ளியவன், வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. உங்கள் அப்பாவைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்து, முடிவையும் அச்சிட்டுவிட்டார்கள்.

1980-களில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (உடம்புக்குள் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து) அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது. அப்படியானால் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களைக் காப்பாற்றலாமே என்று நினைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பின்லாந்தில் 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் 50 முதல் 69 வயதுக்குள் இருந்த புகைபிடிப்பவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது அந்தத் துறையே அதிர்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது.

ஏதோ தற்செயல் என்று சிலர் ஒதுக்கப் பார்த்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் இன்னொரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், பிடித்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொடுக்கப்பட்டது தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-யும். உங்கள் மாமா மகன் வாங்கித் தந்த வைட்டமின் ஏ மாத்திரையின் அளவு அப்படியே அதுதான். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட சாவு 17 சதவீதமும் கூடியிருந்தன.

ஏன் இப்படி? ஃபெரெட் என்ற, பார்க்கக் கீரி போலிருக்கும் விலங்கை வைத்துப் பிறகு பார்த்தார்கள். புகையும் அதிக அளவு பீட்டா கரோட்டினும் ஒன்று சேர்ந்தபோது அதன் நுரையீரலில், வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பு தயாரித்துக்கொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் குறைந்துபோனது. அந்த அமிலத்தை உணர்ந்து செல்களின் வளர்ச்சியை அடக்கி வைக்கும் ஓர் ஏற்பிப் புரதமும் குறைந்தது, செல்கள் தாறுமாறாகப் பெருக ஆரம்பித்தன. புகை நிறைந்த நுரையீரலுக்குள் போனதும் கரோட்டின் சிதைந்து வேறு பொருட்களாகிவிடுகிறது. நல்லது செய்யும் என்று உள்ளே அனுப்பியது அங்கே போய் எதிர்வேலை பார்த்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் வரும் கரோட்டினை உடம்பு தனக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். கீரை, மாம்பழம், பரங்கிக்காய், முட்டை, மீன் எல்லாம் அப்பா தாராளமாகச் சாப்பிடலாம். அவர் விட வேண்டியது மாத்திரையையும் பீடியையும். பீடியைப் பற்றி நான் சொல்லி அவர் கேட்கப்போவதில்லை என்று தெரியும். ஆனால் மகன் படுக்கையில் இருக்கும் இந்த நேரத்தில் நீங்கள் சொன்னால் கேட்கலாம். இருமல் விடாமல் இருந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

அடுத்து தம்பி மனைவி. இதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கருவுற்ற முதல் வாரங்களில் தினமும் 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ மாத்திரை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் கூடுதலாக இருந்ததாக 1995-இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு இதுதான் உச்ச வரம்பு என்று வைத்திருக்கிறார்கள், அதாவது 3,000 மைக்ரோகிராம். 25,000 யூனிட் என்பது அதைப்போல இரண்டரை மடங்கு. தண்ணீரில் கரையும் வைட்டமின் என்றால் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். இது கொழுப்பில் கரைவது, ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். அவளும் உடனே நிறுத்தட்டும். குழந்தைக்கு முயல்வதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் எத்தனை நாள் எந்த அளவு சாப்பிட்டாள் என்று சொல்லட்டும். இன்னொன்று. தம்பியின் ஏடிஆர்ஏ மாத்திரை இதைவிடப் பல மடங்கு ஆபத்து. அதைக் கருவுற்ற பெண் தெரியாமல்கூட விழுங்கக் கூடாது. வீட்டில் தனி டப்பாவில், பூட்டி வையுங்கள். தம்பியும் சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை குழந்தைப் பேச்சைத் தள்ளிப்போடட்டும்.

இப்போது உங்கள் வீட்டுக் குழப்பத்தின் மூலத்துக்கு வருவோம். அப்பாவுக்குக் கெடுதல் செய்வது தம்பிக்கு எப்படி மருந்தாகிறது?

தம்பியின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 15-ஆவது குரோமோசோமும் 17-ஆவது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. 17-இல் இருப்பது ரெட்டினாயிக் அமிலத்தை உணரும் ஏற்பியின் மரபணு. அதன் ஒரு பகுதி 15-இல் உள்ள பிஎம்எல் என்ற மரபணுவோடு சேர்ந்துவிட்டதால், இரண்டும் கலந்த ஒரு விபரீதப் புரதம் உருவாகிறது. ரத்த வெள்ளணு முதிர வேண்டிய வழியில் புரோமைலோசைட் என்ற கட்டத்திலேயே செல் நின்றுவிட இந்தப் புரதம்தான் காரணம். முதிராத அந்தச் செல்கள் மஜ்ஜையை நிறைத்து, ரத்தம் உறையும் ஏற்பாட்டையும் குலைத்துவிடும். தம்பிக்கு ஈறில் ரத்தம் நிற்காமல் போனது அதனால்தான்.

சாதாரண ஏற்பி உடம்பில் இயல்பாக இருக்கும் சொற்ப ரெட்டினாயிக் அமிலத்துக்கே அசைந்து கொடுக்கும். இந்த ஒட்டுப் புரதம் அதற்கு மசியாது. அந்த அமிலத்தையே மருந்தாக, அதாவது ஏடிஆர்ஏ-வாக, பெரிய அளவில் கொடுத்தால்தான் பிடியை விடும். அப்போது அடைபட்டுக் கிடந்த செல்கள் முதிர்ந்து, தங்கள் ஆயுள் முடிந்து சாகும். வழக்கமான அளவு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம். நடுத்தர உடம்புக்கு 10 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு ஏழெட்டு வரும். நாம் தினமும் சாப்பாட்டில் பெற வேண்டிய வைட்டமின் ஏ ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். சரி, அப்படியானால் வைட்டமின் ஏ-யையே அள்ளி அள்ளிச் சாப்பிட்டால்? அதுவும் நடக்காது. வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் எவ்வளவு உருவாக வேண்டும், மிஞ்சியதை எப்போது அழிக்க வேண்டும் என்பதை உடம்பு மிகக் கறாராகக் கட்டுப்படுத்துகிறது. கூடுதலாகப் போகும் வைட்டமின் ஏ ஈரலுக்குப் போய்ச் சேருமே தவிர, மஜ்ஜையில் ஏடிஆர்ஏ செய்யும் வேலையைச் செய்யாது.

இந்த மருந்து வந்த கதையையும் உங்கள் மாமா மகனுக்குச் சொல்லுங்கள். 1980 வாக்கிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ரெட்டினாயிக் அமிலம் கண்ணாடித் தட்டில் உள்ள ரத்தப் புற்று செல்களை முதிர வைப்பதைக் காட்டியிருந்தார்கள். அதை நோயாளிக்குக் கொடுத்து ஜெயித்தவர் ஷாங்காயைச் சேர்ந்த வாங் சென்யி என்ற ரத்தவியல் மருத்துவர். 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இந்த நோயால் சாகும் தறுவாயில் இருந்தாள். அவளுக்கு ஏடிஆர்ஏ-வைக் கொடுத்துப் பார்த்தார், பிழைத்தாள். 1988-இல் 24 நோயாளிகளின் விவரத்தை அவர் குழு வெளியிட்டது. 23 பேருக்கு இந்த மருந்து மட்டுமே நோயை அடக்கியிருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. 15–17 ஒட்டுப் புரதத்தைப் பாரிஸிலும் வேறு சில இடங்களிலும் கண்டுபிடித்தது 1990–91-இல்தான். மருந்து முன்னே வந்துவிட்டது, காரணம் பின்னால் வந்தது.

ஆர்சனிக்கும் சீனாவிலிருந்துதான் வந்தது, ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் தொடங்கி வைத்தது. ஏடிஆர்ஏ அந்த ஒட்டுப் புரதத்தின் ஏற்பிப் பகுதியைப் பிடிக்கும், ஆர்சனிக் பிஎம்எல் பகுதியைப் பிடிக்கும். இரண்டு பக்கமும் பிடிபட்டால் புரதம் சிதைந்துபோகும். ஏடிஆர்ஏ-வை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் நோய் திரும்பிவிடும் என்பதால்தான் தம்பிக்கு இரண்டையும் கொடுக்கிறார்கள். பாஷாணம் என்று உறவினர்கள் பயமுறுத்தினால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சொல்லுங்கள். வழக்கமான மருந்துகளுக்குச் செலவழிக்க முடியாத நோயாளிகள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1998-லிருந்தே ஆர்சனிக்கை மட்டும் வைத்துச் சிகிச்சை கொடுத்து, 72 பேரின் அனுபவத்தை 2006-இல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது.

மாமா மகன் காட்டிய செய்திக்கு வருகிறேன். அது பொய்ச் செய்தி இல்லை. கைத்தறிச் சேலையின் முந்தியில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் முடிவார்களே, குரோமோசோமின் நுனியில் டெலோமியர் செய்வது அந்த வேலைதான். ஆறே எழுத்துக் கொண்ட டி.என்.ஏ. வரிசை ஒன்று, நமக்கு டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி, ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறையும். ரொம்பவும் குறைந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். எலிசபெத் பிளாக்பர்ன் இந்த வரிசையின் முதல் வடிவத்தை 1978-இல் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் படித்தார். அந்த நுனியை மீண்டும் நீட்டும் நொதி இருக்க வேண்டும் என்று தேடி, அவருடைய மாணவி கரோல் கிரைடர் 1984 கிறிஸ்துமஸ் அன்று அதன் தடயத்தைப் பார்த்தார். அதுதான் டெலோமரேஸ். ஜாக் ஸோஸ்டாக்கோடு சேர்த்து மூவருக்கும் 2009-இல் நோபல் கிடைத்தது.

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸ் அடங்கிக் கிடக்கும். புற்று செல்கள் அதை எழுப்பிக்கொள்ளும். 1994-இல் சோதித்துப் பார்த்த 101 கட்டிகளில் 90-இல் அது வேலை செய்துகொண்டிருந்தது, 50 சாதாரணத் திசு மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. அதை அணைத்துவிட்டால் புற்று செல் தானே ஓய்ந்துவிடும் என்ற எண்ணம் அங்கே பிறந்ததுதான். ரெட்டினாயிக் அமிலம் உள்ளே வருவதும் இங்கேதான். அதைக் கொடுத்துச் செல்லை முதிர வைத்தால் டெலோமரேஸும் அடங்குகிறது என்பது 1990-களிலேயே தெரியும். முதிர்வதால் அடங்குகிறதா, அல்லது அமிலமே நேரடியாக அடக்குகிறதா? இது நல்ல கேள்வி. பாரிஸில் எவ்லின் செகால்-பென்டிர்ஜியான் குழு இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டது. தம்பியின் நோய் வகையிலிருந்து வளர்த்த செல்களில், ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தாலும் முதிராத ஓர் இனத்தை எடுத்துக்கொண்டார்கள். அதில் அமிலத்தைத் தொடர்ந்து கொடுத்தபோது செல் முதிரவில்லை, ஆனால் டெலோமரேஸ் அணைந்தது. நுனிகள் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் செல்கள் செத்தன. 2001-இல் வெளியான ஆய்வு. இரண்டும் தனித்தனி வழிகள் என்று அது காட்டியது. எனக்குப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று.

ஆனால் அந்த ஆய்வு எந்த அளவுக்குச் சொல்கிறதோ அந்த அளவோடு நிற்க வேண்டும். அது வளர்ப்புச் செல்களில் நடந்தது. கொடுத்தது ரெட்டினாயிக் அமிலம், மெடிக்கலில் கிடைக்கும் வைட்டமின் ஏ அன்று. நுனி தேய்ந்து செல் சாவதற்கு அது பல தடவை பிரிந்தாக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். தம்பிக்குச் சில வாரங்களில் ரத்தம் தெளிவதற்குக் காரணம் செல்கள் முதிர்வதும் ஒட்டுப் புரதம் சிதைவதும்தான். டெலோமியர் பங்கு இருந்தாலும் அது பக்கத்தில் நிற்பது. டெலோமரேஸை நேரடியாகத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்ததே 2024 ஜூனில், அதுவும் ஒரு குறிப்பிட்ட மஜ்ஜைக் கோளாறில் வரும் ரத்தசோகைக்கு. 101 கட்டிகளின் கணக்கு வந்து முப்பது வருஷம் கழித்து! ஆய்வுக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

டெலோமியர் டெஸ்ட் வேண்டவே வேண்டாம். எச்சிலையோ ரத்தத்தையோ வாங்கி, உங்கள் நுனிகள் நீளமா குட்டையா என்று ஓர் எண்ணைத் தருவார்கள். அதன் பின்னாலேயே நுனியை நீட்டும் மாத்திரை என்று ஒன்றை விற்பார்கள். நீளமாக இருந்தால் நல்லது என்ற கணக்கே தப்பு. பரம்பரையாக நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில இதய நோய்கள் குறைவு, ஆனால் பல புற்றுநோய்கள் கூடுதல் என்று 2017-இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு காட்டியது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை, நுனி நீளமாக இருந்தால் கெட்டுப்போன செல்லும் கூடுதல் தடவை பிரியும். டெலோமியர் நீளத்தை அளப்பதற்கு மருத்துவத்தில் உண்மையான தேவை உண்டு. மஜ்ஜை வற்றிப்போவது, நுரையீரல் தழும்பேறுவது போன்ற சில அரிய பரம்பரை நோய்களைச் சந்தேகிக்கும்போது நிபுணர்கள் அதை எழுதுவார்கள். உங்கள் குடும்பத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பணம் தம்பியின் வண்டிச் செலவுக்கு ஆகட்டும்.

பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டீர்கள். 15–17 மாற்றம் தம்பியின் மஜ்ஜைச் செல் ஒன்றில் அவன் வாழ்நாளில் நேர்ந்தது. அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை, அவன் பிள்ளைக்குப் போகவும் போகாது. உங்கள் யாருக்கும் இதற்காகப் பரிசோதனை தேவையில்லை.

தம்பி விஷயத்தில் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். செல்கள் கூட்டமாக முதிரும் ஆரம்ப வாரங்களில் காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை ஏறுவது என்று வரலாம். இது மருந்தினால் வருவது. டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டுச் சமாளிப்பார்கள், ஆனால் தாமதிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் எடை பாருங்கள். தாங்க முடியாத தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உதடும் தோலும் காய்வது சகஜம், தேங்காய் எண்ணெய் போதும். ஏடிஆர்ஏ-வைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஆர்சனிக் ஓடும் நாட்களில் இசிஜியும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவும் அடிக்கடி பார்ப்பார்கள், அலுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எந்த மாத்திரையும், நாட்டு மருந்தோ சத்து மாத்திரையோ, டாக்டரைக் கேட்காமல் அவன் வாயில் போகக் கூடாது. முக்கியமாக மாமா மகனின் வைட்டமின் ஏ. ஏடிஆர்ஏ-வோடு அதுவும் சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்து கூடும்.

நோய் அடங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் சில சுற்று மருந்து இருக்கும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒட்டுப் புரதத்தின் மரபணுச் சுவடு மஜ்ஜையில் மிச்சமிருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனையில் பார்ப்பார்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அந்தப் பிசிஆர் எப்போது, அதை எங்கே செய்வார்கள், எவ்வளவு செலவாகும் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.